வார்டோ: மரமில்லாத ஊர், உறையாத கடல் – வாசகர் கேள்வி பதில்

நார்வேயின் வடகிழக்குக் கோடியில், பேரன்ட்ஸ் கடலோரத்தில் உள்ள சிறு தீவு ஊர் வார்டோ. ஃபின்மார்க் பகுதியைச் சேர்ந்தது. 1789-இல் நகர அந்தஸ்து பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை மீனை நம்பியே வாழ்கிறது. இந்த ஊரைப் பற்றியும் அந்தக் கரையின் மீன்தொழிலைப் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வடதுருவ வட்டத்துக்கு அப்பால் இருந்தும் குளிர்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகின்றனவாமே, கடல் உறைந்துவிடாதா?
– வாசகர், திருநெல்வேலி

உறையாது. வார்டோ 70 டிகிரி வட அட்சத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. இதே அட்சத்தில் சைபீரியக் கரையும் கனடாவின் கரையும் மாதக்கணக்கில் பனிக்கட்டியால் அடைபட்டுக் கிடக்கும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் நார்வேக் கரையை ஒட்டி வடக்கே ஏறிப் பேரன்ட்ஸ் கடலுக்குள் நுழைவதால் இந்தக் கரை மட்டும் திறந்தே இருக்கிறது. ஜனவரியின் சராசரி மைனஸ் 4, 5 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு மாறாக, ஜூலையிலும் 10 டிகிரியை எட்டவே திணறும். அந்தக் கோடை மரம் வளரப் போதாது. காற்றும் ஓயாமல் அடிப்பதால் ஊரைச் சுற்றிப் புல்லும் பாறையும்தான்.

கடல் உறையாவிட்டாலும் படகு உறையும். காற்று மைனஸில் இருக்கும்போது தெறிக்கும் அலைநீர் கைப்பிடிக் கம்பியிலும் பாய்மரத்திலும் கூரையிலும் பட்ட இடத்திலேயே கட்டியாகிவிடும். இந்தப் பாரம் மேலேயே ஏறுவதால் படகின் நிலைப்பு குலையும். ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக நிமிர ஆரம்பித்தாலே ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைப்பார்கள், தெறிப்பு குறையும்படி திசையை மாற்றுவார்கள், மரச் சுத்தியலால் கட்டியைத் தட்டி உதிர்ப்பார்கள். உயரத்தில் இருப்பதை முதலில் உதிர்க்க வேண்டும். சிறு படகுகள் கவிழ்ந்து ஆள் போனதற்கு இந்தப் பனிப் பாரம் ஒரு பெரிய காரணம்.

இரண்டு மாதம் சூரியனே வராதாமே, உடம்பு என்ன ஆகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி 20 வாக்கில் வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. ஆனாலும் முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் பரவியிருக்கும். வார்டோ இஸ்தான்புல்லைவிடவும் கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் ஆஸ்லோ நேரத்தைக் காட்டுகிறது. அதனால் அந்த வெளிச்சம் உச்சத்துக்கு வருவதே காலை 11 மணி வாக்கில். ஜனவரியில் சூரிய வட்டம் முழுதாகத் தெரியும் நாளில் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை.

வெயில் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது. அந்தக் குறையை, இந்தக் கரையின் முக்கிய மீனான காட் மீனின் ஈரல் எண்ணெய் தீர்த்தது. முன்பெல்லாம் ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு, மேலே மிதந்த எண்ணெயை எடுத்தார்கள். நிறம் கருப்பு, நாற்றம் தாங்காது. 1850-களில் பீட்டர் மோலர் என்ற மருந்தாளர் புத்தம்புது ஈரலை நீராவியில் இளக்கி எண்ணெய் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் தெளிவான எண்ணெய் கிடைத்தது. இப்போது நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. அதில் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்கும். ஏ வைட்டமினும் நிறைய இருப்பதால் அளவை மீறிக் குடிக்கக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகள்.

உப்பே போடாமல் கருவாடு செய்கிறார்களாம். நாங்கள் உப்பில்லாமல் ஒரு நாள் போட்டாலே புழு வைத்துவிடும். அங்கே எப்படி முடிகிறது? விவரமாகச் சொல்லுங்கள்.
– மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

குளிரும் காற்றும்தான் அங்கே உப்பின் வேலையைச் செய்கின்றன. நம் கரையில் 30 டிகிரியில் கிருமி பெருகும் வேகத்தை உப்பால் தடுக்கிறோம். அங்கே மீன் காயும் காலத்தில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழுமாக இருக்கும். கிருமி மந்தமாகிவிடும், ஈ இருக்காது, வறண்ட கடற்காற்று மட்டும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மீனும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். காட் மீன் தன் கொழுப்பை ஈரலில்தான் சேர்க்கும், சதையில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் மாதக்கணக்கில் வெளியில் தொங்கினாலும் சிக்கு வாசனை வராது. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீனை இந்த முறையில் காயவைக்கவே முடியாது.

வேலை படகிலேயே தொடங்குகிறது. மீன் உயிரோடு ஏறியதும் தொண்டைப் பகுதியை அறுத்து, ஓடும் கடல்நீரில் அரைமணி நேரம் போட்டு ரத்தம் முழுவதும் வடியவிட வேண்டும். ரத்தம் தங்கினால் சதை சிவந்து தரம் இறங்கிவிடும். வலையில் செத்து ஒரு ராத்திரி கிடந்த மீனை என்ன செய்தாலும் முதல் தரம் ஆக்க முடியாது. கரைக்கு வந்ததும் தலையை வெட்டி, குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் கோட்டைச் சுரண்டிக் கழுவுவார்கள். ஈரலும் சினையும் தனியே போகும். தலையையும் வீசுவதில்லை, அதைக் கோத்துத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குழம்புக்குச் சுவை கூட்ட அது வேண்டும்.

பிறகு ஒரே அளவுள்ள இரண்டிரண்டு மீனாக வாலில் சேர்த்துக் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் மரக் கம்புகளால் அமைத்த திறந்த பரணில், கம்பின் இருபுறமும் தொங்கும்படி போடுவார்கள். ஒன்று கனமாகவும் ஒன்று இலேசாகவும் இருந்தால் காற்றில் நழுவி விழுந்துவிடும், அதனால்தான் ஒரே அளவு. வால் மேலே, வெட்டிய கழுத்து கீழே. மழை பெய்தால் வயிற்றுக்குள் தண்ணீர் தேங்காமல் வடிய அதுவே வழி. மீனும் மீனும் தொடக் கூடாது, தொட்ட இடம் காயாமல் கெடும். மிகப் பெரிய மீனை முழுதாகத் தொங்கவிட்டால் எலும்பை ஒட்டிய சதை காய்வதற்குள் புளித்துவிடும். அதனால் அதை முதுகெலும்பு நீக்கி, வால் மட்டும் இணைந்திருக்க இரண்டாகப் பிளந்து போடுவார்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை போடும் மீன் மே, ஜூனில் இறங்கும். அதற்குப் பின்னும் காற்றோட்டமுள்ள கிடங்கில் சில மாதம் அடுக்கிவைத்து உள்ளீரத்தை வெளியேற்றுவார்கள். தலையும் குடலும் நீக்கிய 4 முதல் 5 கிலோ மீன் கடைசியில் 1 கிலோ ஆகும். இரண்டு மீனைத் தட்டினால் விறகுக் கட்டை போலச் சத்தம் வரும். ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

எங்கே தவறும்? போட்ட முதல் வாரங்களில் கடும் உறைபனி வந்தால் ஈரம் நிறைந்த சதைக்குள் பனிப்படிகம் உண்டாகித் தசைநாரைக் கிழித்துவிடும். காய்ந்த பிறகு அந்த மீன் பஞ்சாக இருக்கும், ஊறவைத்தால் சிதறும். மாறாக, பருவம் தவறி வெப்பம் சீக்கிரம் ஏறினால் புளிப்பும் ஈயும். மழையும் மூடுபனியும் நீடித்தால் பூஞ்சை. கடற்காகம் கொத்தினால் மொத்தமாக நட்டம், அதற்காகவே பரணுக்கு மேல் வலை போர்த்துகிறார்கள். தெற்கே உள்ள லோஃபோட்டன் தீவுகளில் குளிர் இன்னும் மிதமாக இருப்பதால் உறைபனிச் சேதம் அங்கே குறைவு. இத்தாலிக்குப் போகும் உயர்தரச் சரக்கு பெரும்பாலும் லோஃபோட்டன் மீன்தான். ஃபின்மார்க் கரை அந்த விஷயத்தில் கடினமான கரை. அங்கே மீன் நன்றாக வருவதும் சற்றுப் பிந்தித்தான். முட்டையிடக் கரைக்கு வரும் கேப்லின் என்ற பொடிமீனைத் துரத்திக்கொண்டு காட் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் நெருங்கும். அதைப் பரணில் ஏற்றினால் கோடையின் ஈக்களோடு போட்டி போட வேண்டும்.

தரம் பிரிப்பது தனித் தொழில். ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, நீளம், தடிமன், நிறம், கழுத்துப் பகுதி, வாசனை பார்த்து ஏறக்குறைய 20 தரங்களாகப் பிரிக்கிறார்கள். இதற்கு நல்ல இயந்திரம் இன்னும் வரவில்லை என்பதே அந்த ஆட்களின் திறமைக்குச் சான்று.

கோடையில் ஈ வந்துவிடும் என்றால் அப்போது பிடித்த மீனை என்ன செய்தார்கள்?
– வாசகர், கன்னியாகுமரி

இந்தச் சிக்கல்தான் வார்டோவுக்குப் பெரும் வணிகத்தைக் கொண்டுவந்தது. கோடை நடுவில் பரணில் மீன் போட முடியாத வாரங்களைப் புழுக்காலம் என்றே சொன்னார்கள். அதே சமயம் கடலில் மீன் குவிந்து கிடக்கும். ரஷ்யாவின் வெண்கடல் கரையிலிருந்து பொமோர் எனப்படும் வணிகர்கள் தங்கள் பாய்க்கப்பல்களில் கம்பு போன்ற ரை தானிய மாவை ஏற்றிக்கொண்டு அந்த வாரங்களில் வந்தார்கள். மீனவரிடமிருந்து பச்சை மீனாகவே வாங்கிக் கப்பலிலேயே உப்பிட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய ஊரில் தானியம் மலிவு, விரத நாள்கள் அதிகமானதால் மீனுக்குத் தேவையும் அதிகம். இங்கே மீன் மலிவு, தானியமோ ஒரு மணிகூட விளையாது. பணம் இல்லாமலே எடைக்கு எடை பேசி முடித்தார்கள்.

ஃபின்மார்க் மக்கள் அதுவரை நார்வேயின் தெற்கே உள்ள பெர்கன் நகர வணிகர்களின் கடனில் சிக்கிக் கிடந்தார்கள். மாவும் கயிறும் தூண்டிலும் கடனாக வரும், மீன் முழுவதும் அந்தக் கடனுக்கே போகும். பொமோர் மாவு அந்தப் பிடியைத் தளர்த்தியது. பெர்கனிலிருந்து கப்பல் வராமல் போன பஞ்ச ஆண்டுகளில் உயிரையே காத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசும் இந்த நேரடி வியாபாரத்தை அனுமதித்தது. இரு தரப்பும் பேசிக்கொள்ள ரஷ்யமும் நார்வேஜியமும் கலந்த, சில நூறு சொற்களே கொண்ட ஒரு வியாபார மொழி உருவானது. 1917 ரஷ்யப் புரட்சியோடு எல்லாம் நின்றது. அந்தக் காலத்து மரக் கிடங்குகளில் சில வார்டோ துறைமுகத்தில் இன்றும் நிற்கின்றன, அவற்றில் ஒன்றில் பொமோர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்த ஊர் இதுதானா?
– கல்லூரி மாணவி, மதுரை

ஆம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க்கில் 91 பேர் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 77 பேர் பெண்கள். ஆண்களில் பலர் வட நார்வேயின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர். சுமார் 3000 பேரே வாழ்ந்த பகுதியில் இது எவ்வளவு பெரிய கொடுமை என்று பாருங்கள். விசாரணைகளின் மையம் வார்டோக் கோட்டை.

அச்சத்தின் வேர் கடலில் இருந்தது. 1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் திடீரென்று எழுந்த புயலில் வார்டோ, கிபெர்க் ஊர்களின் 10 படகுகள் மூழ்கி 40 ஆண்கள் இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணைகளில், காற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் புயலை ஏவியதாகப் பெண்களிடம் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். கைகால் கட்டித் தண்ணீரில் எறிவதும் ஒரு சோதனை. மிதந்தால் குற்றவாளி. ஐஸ் போன்ற கடலில் மூழ்கினாலும் மிதந்தாலும் அவளுக்கு மீட்சி எங்கே? சாவுக்குக் காரணம் தேடிய துக்கத்தையும், மன்னரின் புதிய சூனியச் சட்டத்தையும், அதைக் கையில் எடுத்த அதிகாரிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊர்மக்களின் மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது அந்த அதிகாரிகளைத் தப்பவிடுவதாகும்.

கொலைக்களமாக இருந்த ஸ்டெயில்நெஸ் கரையில் 2011-இல் நினைவிடம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் வடிவமைத்த நீண்ட துணிக் கூடத்தில் 91 சிறு சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, அருகே அந்த ஒருவரின் பெயரும் வழக்கு விவரமும். பக்கத்துக் கண்ணாடிக் கூடத்தில் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா அமைத்த, தீ எரியும் நாற்காலி.

அங்கே மீனவருக்கு விலை எப்படிக் கிடைக்கிறது? இங்கே போல ஏலமும் தரகரும் உண்டா?
– படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 1938 முதல் உள்ள சட்டப்படி, மீனவர்களே நடத்தும் விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் முதல் விற்பனை நடக்க வேண்டும். வடகரைக்கு அது நார்கஸ் ராஃபிஸ்க்லாக் என்ற சங்கம், தலைமையிடம் ட்ரோம்சோ. ஒவ்வொரு மீனுக்கும், அளவுக்கும், தரத்துக்கும் அது குறைந்தபட்ச விலை வைக்கிறது. அதற்குக் கீழே வாங்குவது சட்டமீறல். அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். படகு கரை சேர்ந்ததும் எடை, இனம், பிடித்த இடம், கருவி, விலை எல்லாம் எழுதிய சீட்டில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சீட்டுதான் கணக்கு, பிடிக்க அனுமதித்த அளவில், அதாவது ஒதுக்கீட்டில், அதுவே கழிவு, வரிக்கும் அதுவே ஆதாரம். வாங்குபவர் பணம் தராமல் இழுத்தடிக்க முடியாதபடி தொகையைச் சங்கமே தீர்த்துவைக்கிறது. இந்தச் சட்டத்துக்கு முன் ஊர் முதலாளி சொன்னதே விலை. வட நார்வே மீனவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த சட்டம் இல்லை என்பது எங்கள் கருத்து.

எவ்வளவு பிடிக்கலாம் என்பது வேறு கணக்கு. பேரன்ட்ஸ் கடலின் காட் மீன் நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் பொது. 1970-களின் நடுவிலிருந்து இரு நாட்டுக் கூட்டு ஆணையம் ஆண்டுதோறும் மொத்த அளவை முடிவு செய்கிறது. 2013-இல் அது 10 லட்சம் டன். 2025-க்கு 3 லட்சத்து 40 ஆயிரம் டன்னாக வெட்டிவிட்டார்கள். மீன்வளம் குறைந்ததால் வந்த வெட்டு இது. முன்பும் இருப்பு விழுந்தபோது, 1989 ஏப்ரலில் கரைப் படகுகளின் காட் பிடிப்பையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு முதல் படகுக்குப் படகு ஒதுக்கீடு. பிடித்த காட் மீனைக் கடலில் திரும்ப வீசுவது 1987 முதல் குற்றம். சிறியது வந்தாலும் கரைக்குக் கொண்டுவந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒதுக்கீடு மீனைக் காத்தது, ஊர்களைக் காத்ததா என்பதுதான் கசப்பான கேள்வி. படகின் மேல் எழுதப்பட்ட ஒதுக்கீடு படகோடு விலை போகிறது. படகை விற்றால் மீனும் ஊரைவிட்டுப் போய்விடும். இளைஞர் ஒருவர் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் படகைவிட ஒதுக்கீட்டுக்கே அதிகம் கொட்ட வேண்டும். பெரிய இழுவைப் படகுகளுக்கு உரிமம் கொடுத்தபோது குறிப்பிட்ட வடகரை ஊர்களில் மீனை இறக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நடைமுறையில் அது முதலில் அங்கே விலைக்குக் காட்ட வேண்டும் என்ற அளவுக்குத் தளர்ந்தது. மீன் உறைநிலையில் வேறு நாட்டு ஆலைக்குப் போயிற்று. வார்டோவில் 1960-களில் 4000 பேரை ஒட்டி இருந்தார்கள், இன்று சுமார் 2000. கடலில் மீன் இருந்தும் ஊர் தேய முடியும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி. ஒதுக்கீடு முறையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள், உரிமை படகுக்கா, ஆளுக்கா, ஊருக்கா என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ராட்சத நண்டு அங்கே எப்படி வந்தது?
– வாசகர், சென்னை

மனிதர் கொண்டுவந்தது. 1960-களில் சோவியத் விஞ்ஞானிகள் தூரக்கிழக்கின் காம்சட்கா பக்கத்திலிருந்து கொண்டுவந்து மூர்மன்ஸ்க் அருகே விட்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் நார்வே எல்லைக்குள் வந்துவிட்டது. 10 கிலோ வரை வளரும் இந்த நண்டு தூண்டில் இரையைத் தின்னும், வலையில் சிக்கி வலையைக் கிழிக்கும், கடலடியில் சிப்பி, புழு, நட்சத்திரமீன் எதையும் விடாது. மீனவர்கள் முதலில் சாபமாகத்தான் பார்த்தார்கள்.

2002-இல் வணிகப் பிடிப்பு தொடங்கியதும் நிலை மாறியது. 26 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்குக் கிழக்கே, வார்டோ உட்பட, ஒதுக்கீட்டோடு வளமாகக் காக்கிறார்கள். அதற்கு மேற்கே பரவவிடக் கூடாது என்பதால் யாரும் எவ்வளவும் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடக் கூடாது. கூண்டில் ஹெர்ரிங் போன்ற மீனை இரையாகக் கட்டி இறக்குகிறார்கள். உயிரோடு விமானத்தில் அனுப்புவதற்கே நல்ல விலை. கால் உடைந்தால் விலை பாதியாகும் என்பதால் கூண்டைக் கொட்டாமல் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். செத்த நண்டின் சதை வேகமாகக் கெடும், அதை யாரும் வாங்குவதில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் 80-களில் நார்வே வடக்கே மீன் ஆலைக்குப் போனார்கள். அந்த வேலை என்ன, ஏன் அங்கே?
– வாசகர், குருநகர், யாழ்ப்பாணம்

தொடர்பு உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956-இல் நார்வே போனவர். அவர் முயற்சியில் 1960-களில் யாழ்ப்பாணத்தில் சீ-நோர் என்ற மீன்பிடி வளர்ச்சி நிறுவனம் உருவானது. அந்த வழியில் இளைஞர்கள் நார்வேக்குப் படிக்கவும் வேலைக்கும் போகத் தொடங்கினார்கள். 1983-க்குப் பின் போர் பலரையும் துரத்தியது. அதே காலத்தில் ஃபின்மார்க் கரை ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் வடகரை ஊர்களில் தமிழர் குடியேற்றங்கள் உண்டாயின. பின்னர் ஆலைகள் மூடியபோதும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பெரும்பாலோர் ஆஸ்லோ பக்கம் நகர்ந்தார்கள்.

வேலை இப்படி: தலை வெட்டும் இயந்திரம், சதையை எலும்பிலிருந்து பிரிக்கும் இயந்திரம், தோல் உரிக்கும் இயந்திரம் வரிசையாக இருக்கும். அதன்பின் வருவது கைவேலை, அதுதான் கடினம். கீழிருந்து வெளிச்சம் வரும் வெள்ளை மேசையில் சதைத் துண்டை வைத்து, நடுவில் உள்ள முள்வரிசையை ஒரு குறுகிய பட்டையாக அறுத்தெடுக்க வேண்டும். அதிகம் அறுத்தால் விலையுள்ள முதுகுச் சதை வீணாகும், குறைவாக அறுத்தால் முள் தங்கும். வெளிச்சத்தில் சுருண்ட பழுப்புப் புழு தெரிந்தால் கத்தி முனையால் எடுக்க வேண்டும். இந்த ஒட்டுண்ணி காட் மீனில் சாதாரணம், மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உறைந்தால் சாகும். செத்து விறைத்த நிலையில் இருக்கும் மீனை இயந்திரத்தில் விட்டால் சதை பிளவுபடும். விறைக்கும் முன் அறுத்தால் துண்டு சுருங்கும். மீன் வந்த நேரத்தை வைத்து மேற்பார்வையாளர் வரிசையை ஓட்டுவது இதனால்தான். ஈரத்திலும் குளிரிலும் நாள் முழுக்க ஒரே அசைவு. தோள், மணிக்கட்டு வலி இந்தத் தொழிலின் நிரந்தரக் கூலி.

வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்ததை வார்டோவிலிருந்து பார்த்தார்கள் என்று படித்தேன். ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்?
– இயற்பியல் ஆசிரியர், திருச்சி

1769 ஜூன் 3-ஆம் தேதி நடந்த கடப்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சூரியன் மறையும் நேரத்தில் தொடங்கியது. முழுவதையும் பார்க்க, சூரியனே மறையாத இடம் வேண்டும். டென்மார்க்-நார்வே மன்னரின் அழைப்பில் வியன்னாவின் வானியலாளர் மாக்சிமிலியன் ஹெல் வார்டோவுக்கு வந்து, நள்ளிரவுச் சூரியனில் வெற்றிகரமாக அளந்தார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட அந்த அளவு உதவியது. அவர் எண்களைத் திருத்திவிட்டார் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பழி வந்தது. 1883-இல் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகாம் மூலக் கையெழுத்துப் பிரதியை நேரில் ஆராய்ந்து அந்தப் பழி தவறென்று காட்டினார். உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

உறவினர் ஆஸ்லோவிலிருந்து அந்த உப்பில்லாத காய்ந்த மீனைக் கொண்டுவந்திருக்கிறார். கல்லாக இருக்கிறது, எப்படிச் சமைப்பது?
– வாசகி, தூத்துக்குடி

அரிவாள்மனை வேலைக்கு ஆகாது. ரம்பத்தால் விரல் நீளத் துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, கட்டாயம் குளிர்பெட்டிக்குள், 5 முதல் 7 நாள் ஊறவிட வேண்டும். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே அழுகிவிடும், வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் நல்ல மீனுக்கும் வாடை உண்டு. தடிமனான துண்டை நடுவில் அழுத்திப் பாருங்கள். கட்டி இல்லாமல் அமுங்கினால் ஊறிவிட்டது. எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். பிறகு தோலையும் முள்ளையும் எடுத்துவிடலாம்.

கருவாட்டுக் குழம்புக்குப் பழகிய கை உப்பைக் குறைக்கும். இதில் உப்பே இல்லை, பச்சை மீனுக்குப் போடும் அளவு போட வேண்டும். புளிக் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைச் சேர்த்து, தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். வேகமாகக் கொதிக்கவிட்டால் நார்நாராகப் போகும். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ கலந்த நீரில் ஊறவைத்து நார்வேக்காரர்கள் செய்யும் கூழ் போன்ற பதத்தை வீட்டில் முயல வேண்டாம். அவற்றின் அளவு தவறினால் வாய் புண்ணாகும்.

போய்ப் பார்க்க எந்த மாதம் நல்லது? பழைய மர வீடுகளைப் பார்க்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பழைய வீடுகள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் குண்டுவீச்சும், 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியர் வைத்த தீயும் ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. நீங்கள் காண்பது பெரும்பாலும் 1950-களில் கட்டியது. 1730-களில் நட்சத்திர வடிவில் கட்டிய கோட்டை தப்பி நிற்கிறது.

மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் மறையாது. பறவைகளுக்காகப் போவதானால் ஏப்ரல் முதல் ஜூலை. துறைமுகத்திலிருந்து படகில் பத்து நிமிடத்தில் ஹார்னோயா தீவு, பஃபின், கில்லிமாட் பறவைகள் ஆயிரக்கணக்கில் பாறையில் கூடு கட்டியிருக்கும். ஆகஸ்டில் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விடும். தலைக்குத் தொப்பி அவசியம், குளிருக்கு மட்டுமல்ல. விமானம் எதிர்க்கரையான ஸ்வார்ட்னெஸில் இறங்கும். அங்கிருந்து கடலடிச் சுரங்கச் சாலை வழியாக ஊருக்குள் வர வேண்டும். 1982-இல் திறந்த அந்தச் சுரங்கம் கிட்டத்தட்ட 2.9 கிலோமீட்டர் நீளம், கடல்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே இறங்குகிறது, நார்வேயின் முதல் கடலடிச் சாலை. காற்று பலமானால் விமானம் ரத்தாகும். திரும்பும் பயணத்துக்கு ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.